சென்னய்யா மதுரை பார்த்த அமாவாசை

அருப்புக்கோட்டையில் பயந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. மாமியாருக்குப் பயந்தவர்கள் உண்டு. வானம் பார்த்த பூமியில் விதைத்துவிட்டு, மழை ஏமாற்றிவிடுமோ என்று பயந்தவர்கள் சுற்றுப்பட்டியெல்லாம் உண்டு. ஆனால் இன்னதற்கென்று இல்லாமல் எல்லாவற்றுக்கும் பயந்தவர் சென்னய்யா ஒருவர்தான். நாய்க்குப் பயம், இடிக்குப் பயம். தபால்காரர் தெருவுக்குள் நுழைந்தால் தந்தியோ என்று பயம். போலீஸ்காரர் சைக்கிளில் போனால், அவர் முக்கு திரும்புகிறவரை இவர் கதவுக்குப் பின்னால் நிற்பார். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். சென்னய்யாவின் மடியில் வெற்றிலைப் பொட்டலத்தைத் தவிர ஒன்றும் இருந்ததில்லை.

தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்துவிட்டால் மட்டும் மனிதர் வேறு ஆள். முப்பது வருஷம் கூலிக்குச் சேலை நெய்தவர். தெருவில் போகிற சேலையைப் பார்த்தே இது இன்னார் தறி, இன்ன மாதம் இறக்கியது என்று சொல்லிவிடுவார். முகத்தை அவர் நிமிர்ந்து பார்ப்பது குறைவு. பார்த்தால் பேசவேண்டி வரும், அதற்கும் பயம். ஆகவே ஊரில் பாதிப்பேரைச் சேலைக் கட்டத்தை வைத்தும் கரையை வைத்தும்தான் அடையாளம் வைத்திருந்தார். இப்படி ஒரு மனிதர் எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று கேட்டால், நடத்தியது அவர் மனைவி சௌடம்மாள்.

எல்லாப் பயத்துக்கும் மேலே உச்சியில் உட்கார்ந்திருந்தது மதுரை. சென்னய்யாவுக்குப் பத்து வயசாக இருக்கும்போது, அவருடைய சித்தப்பா வேங்கடபதி துணி மூட்டையோடு மதுரைக்குப் போனார். திரும்பி வரவில்லை. செத்தார் என்றும் சேதி இல்லை, இருக்கிறார் என்றும் சேதி இல்லை. வீட்டில் அதன்பிறகு மதுரை என்ற பேச்சு வந்தாலே பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஐம்பது கிலோமீட்டர்தான், காரியாபட்டி தாண்டினால் வந்துவிடும். சென்னய்யா நாற்பத்தைந்து வயசுவரை போனதில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்தவள் கஸ்தூரி. பதினாறு வயசு. பாம்பு அடிக்கும்போது தெருவே உள்ளே ஓடினால் அவள் வெளியே ஓடுவாள். எந்த பஸ் எத்தனை மணிக்கு என்பது அவளுக்கு மனப்பாடம். திருச்சுழியில் இருந்த மாமன் வீட்டுக்குத் தனியாகப் போய்த் தனியாக வருவாள். பதினோராம் வகுப்பு பாஸ் பண்ணியதும், டீச்சர் டிரெய்னிங்குக்கு யாரிடமும் கேட்காமல் எழுதிப் போட்டிருந்தாள். எழுபத்திரண்டாம் வருஷம் வைகாசிக் கடைசியில் கடிதம் வந்தது. மதுரையில் இடம் கிடைத்திருக்கிறது, விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும், வருகிற புதன்கிழமைக்குள் சேர வேண்டும்.

சென்னய்யா அன்று சாப்பிடவில்லை. மாட்டேன் என்று சொல்லவும் அவருக்குத் தைரியம் இல்லை; சரி என்று சொல்லவும் இல்லை. தறியில் உட்கார்ந்து ஊடையிழை ஓட்டுகிற நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

சௌடம்மாள் வந்து தறிக்குழி ஓரமாக உட்கார்ந்தாள். அவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம், வெளியே தமிழ். படிக்கிறவர்களுக்காகத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

"தறியில ஓடுற நூல் பாவு நாளையோட முடிஞ்சுரும். முதலாளி புதுப் பாவு திங்கக்கிழமைதான் தாரேங்காக. ஞாயித்துக்கிழம அமாவாச. ரெண்டு நாள் சும்மாதான இருப்பீக? புள்ளையக் கூட்டிக்கிட்டு மதுரையப் பாத்துட்டு வாங்க."

நெசவாளிக்கு ஞாயிறு லீவு கிடையாது, அமாவாசைதான் லீவு. அந்த வருஷம் வைகாசி அமாவாசை ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்து விழுந்தது. சென்னய்யாவுக்கு அதுவே ஏதோ சதி மாதிரி இருந்தது.

"நானா?"

"நீங்கதான். அங்கிட்டு மனுசங்கதான் இருக்காங்கன்னு நீங்க ஒருக்காப் பாத்துட்டு வந்தா, புதங்கிழம அவள அனுப்பலாம். பாக்காம இருந்தா நீங்களும் செத்து அவளையும் சாகடிப்பீக."

"செலவாகுமே."

"என்ன செலவு? பஸ்ஸுக்கு மட்டும்தான். நம்ம ஆளுக சத்திரத்துல படுக்க ஒரு காசு கிடையாது. ரெண்டு நாளைக்குப் புளிச்சோறு கட்டித் தாரேன். கோயிலுக்கும் நாயக்கர் மகாலுக்கும் நடந்தே போங்க, ரிச்சாவுல ஏறாதீக. பராக்குப் பாக்கவா காசு கேக்கப் போறான்?"

சௌடம்மாள் எழுந்து போகும்போது மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணு. உங்க பயத்த அவ மேல ஏத்திக் கூட்டியாந்துறாதீக. அவகிட்ட இருக்கது தைரியம் ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா அவளும் இங்கன கெடந்து நூலத் தார் சுத்த வேண்டியதுதான்."

புறப்படும் அன்று விடியற்காலையில், கூட்டத்தில் ஒருவரையொருவர் தவறவிட்டால் இன்ன இடத்தில் வந்து நிற்பது என்று பேசி வைத்துக்கொள்ளச் சொன்னாள். சென்னய்யா காதைப் பொத்திக்கொண்டார். "கெளம்புற நேரத்துல அபசகுனமாப் பேசாத." தொலைவதைப் பற்றிப் பேசினால் தொலைந்துவிடுவோம் என்பது அவர் கணக்கு. பயந்தவர்களுடைய கணக்கெல்லாம் இப்படித்தான் இருக்கும். அதனால் ஓர் ஏற்பாடும் இல்லாமல் பஸ் ஏறினார்கள்.

கஸ்தூரி கத்தரிப்பூ நிறத் தாவணி போட்டிருந்தாள். மஞ்சள் கட்டம், மயில்கழுத்துக் கரை. பங்குனியில் ஒரு பாவு முடிந்தபோது கடைசியில் எஞ்சிய இழையில் சென்னய்யாவே நெய்து கொடுத்தது. அதை அவளைப் போட்டுக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். "நீ முன்னால போ. நான் ஒன் தாவணியப் பாத்துக்கிட்டே பின்னால வாரேன். மொகம் தப்பும், கட்டம் தப்பாது."

"சரிப்பா," என்று சிரித்தாள்.

மதுரையில் பஸ் நின்றதும் சென்னய்யா கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி ஆளாக இறங்கினார். நாலு பக்கமும் பஸ், ஊடே குதிரைவண்டி, ரிக்‌ஷா, தலையில் கூடையோடு ஆட்கள். ஒருவர்கூட நிற்கவில்லை. அருப்புக்கோட்டைத் தேரோட்டத்தில் பார்க்கிற கூட்டம் இங்கே ஒரு சனிக்கிழமைக் காலையில் சும்மா நடந்துகொண்டிருந்தது. ஒரு கூலிக்காரர் "அண்ணாச்சி, ஒதுங்குங்க" என்று தோளில் தட்டியதற்கே அவர் கும்பிடு போட்டுவிட்டார். கஸ்தூரி வழி கேட்டாள், கஸ்தூரி ரோட்டைத் தாண்டினாள், சத்திரத்தில் கஸ்தூரி பெயர் சொன்னாள். சென்னய்யா தாவணியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். மதுரையில் அவர் பார்த்த முதல் இரண்டு மணி நேரம் முழுக்கக் கத்தரிப்பூவும் மஞ்சளும்தான்.

கோயிலுக்குள் போனதும் கொஞ்சம் மூச்சு வந்தது. மீனாட்சி சன்னதியில் கஸ்தூரி கண்ணை மூடி நின்றாள். அவள் என்ன கேட்டாள் என்று தெரியாது. சென்னய்யா கேட்டதைச் சொல்கிறேன், அவரே பிற்பாடு சௌடம்மாளிடம் அழுதுகொண்டே சொன்னது. "தாயே, நான் வேண்டாம்னு சொன்னா என்னயத் திட்டுவாக. அவ வாயாலேயே வேண்டாம்னு சொல்ல வச்சிரு." பெற்ற பிள்ளை மனசு மாற வேண்டும் என்று சாமியிடம் மனுப் போட்டுவிட்டு விபூதி பூசிக்கொண்டு வந்தார். வெட்கமாக இருந்தது. ஆனால் பயத்துக்கு முன்னால் வெட்கம் என்ன செய்யும்?

உச்சிவேளைக்குச் சற்று முன்னால் வெளியே வந்தார்கள். எதிரே புதுமண்டபம். கல்தூண்களுக்கு நடுவே வளையல் கடை, பாத்திரக் கடை, புஸ்தகக் கடை, வரிசையாகத் தையல் மிஷின்கள். கஸ்தூரி கண்ணில் வெளிச்சம் ஏறிவிட்டது. ஒரு புஸ்தகக் கடை முன்னால் குனிந்து, டிரெய்னிங்குக்கு வேண்டிய நோட்டு என்ன விலை என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் தட்டும் தாம்பாளமுமாகக் குறுக்கே வந்தது. சென்னய்யாவைத் தூணோடு தூணாக ஒதுக்கித் தள்ளிவிட்டது. எட்டிப் பார்த்தார். தலைகளுக்கு நடுவே கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கட்டம், மயில்கழுத்துக் கரை. நல்லவேளை என்று மூச்சு விட்டுக்கொண்டு அதன் பின்னால் நடந்தார்.

அது வேகமாகப் போயிற்று. "கஸ்தூரி, மெதுவாப் போ," என்று சொல்லிப் பார்த்தார். காதில் விழவில்லை. அம்மன் சன்னதித் தெருவைத் தாண்டியது, மாசி வீதியில் திரும்பியது, தெற்கே போயிற்று. முகத்தை முந்திப் போய்ப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. தான் நெய்த துணி, தன் கண் முன்னால் போகிறது. ஓட்டமும் நடையுமாக விளக்குத்தூண்வரை போய்விட்டார். அங்கே அது நின்று திரும்பியது.

நாற்பது வயசுப் பெண். கழுத்தில் தாலிக்கயிறு, கையில் மஞ்சள்பை.

சென்னய்யாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு பாவில் எட்டுச் சேலை. எட்டையும் நெய்து முதலாளியிடம் கொடுத்தார். முதலாளி மதுரைக்குத்தான் அனுப்பினார். பாவுக் கடைசியில் எஞ்சிய வால் துண்டில்தான் தாவணி. எட்டுச் சேலையும் தறியை விட்டு இறங்கியதும் உலகத்தை விட்டே போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். அது யாராவது ஒருத்தியின் உடம்பில் ஏறித் தெருவில் நடக்கும் என்று முப்பது வருஷத்தில் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஒரு நெசவாளியைத் தவிர வேறு எந்தத் தகப்பனும் பெற்ற மகளை இப்படித் தொலைத்திருக்க மாட்டான்.

"எதுக்குய்யா மண்டபத்துலருந்து என் பின்னாடியே வார?" என்றாள் அந்தப் பெண்.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். தமிழ் வரவில்லை. என் மகளைக் காணோம், நீ என் மகள் இல்லை என்று அவர் கத்தியதெல்லாம் கன்னடத்தில் வந்தது. பயம் நாக்கைப் பிடித்து வீட்டுக்குள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாலு பேர் கூடினார்கள், பத்துப் பேர் ஆனார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்தான்.

"தெலுங்கனா இவன்?"

"என்னவோ. பொம்பள பின்னாடி வந்தவனுக்குப் பாச என்ன வேண்டிக் கெடக்கு? ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா."

ஸ்டேஷன் என்ற சொல் மட்டும் சென்னய்யாவுக்குத் தெளிவாகக் கேட்டது. வேங்கடபதிச் சித்தப்பாவும் இப்படித்தான் போயிருப்பார் என்று நினைத்தார். இப்படி ஒரு சின்னத் தப்பு, சுற்றி நாலு பேர், வாயில் பேச்சு இல்லாமல். தன்னைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் கஸ்தூரி என்ன ஆவாள் என்று நினைத்தபோது, இதுவரை வாழ்நாளில் பட்ட பயமெல்லாம் விளையாட்டு என்று தெரிந்தது.

தலை குனிந்திருந்தவர் கண்ணில் அந்தப் பெண்ணின் முந்தானை பட்டது. துணியைப் பார்த்ததும் தமிழ் வந்தது. முதலாளியோடு துணியைப் பற்றிப் பேசிப் பேசிக் கற்ற தமிழ் அது. அது மட்டும் எங்கேயும் போகவில்லை.

"தாயி, இது நான் நெய்ஞ்ச சேல. முந்திய விரிச்சுப் பாருங்க. கடேசிக் கோடு மட்டும் வெளுத்த மஞ்சளா இருக்கும். நூலு தீந்து போயி வேற மஞ்சளப் போட்டேன். மொதலாளி கூலியில கழிச்சாக."

கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்து வெயிலில் விரித்தாள். ஆறு கோடு நல்ல மஞ்சள், கடைசி ஒன்று வெளுப்பு. "எம் மகளும் இதே கட்டத்துல தாவணி போட்டிருந்தா தாயி, அவளக் காணோம்," என்றார் சென்னய்யா.

"அந்தக் கோட்டுக்காகத்தான்யா கடக்காரன் வெல கொறச்சுத் தந்தான்," என்றாள். பிறகு சட்டையைப் பிடித்தவனிடம், "விடுப்பா, கைய எடு. இவுக மகளத் தொலச்சிட்டு நிக்காக," என்றாள்.

அவள் பெயர் சந்தனம்மாள். பக்கத்துச் சந்தில் இட்லிக்கடை. கடையை யாரிடமோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவரோடு நடந்தாள். புதுமண்டபத்தில் கஸ்தூரி இல்லை. புஸ்தகக் கடைக்காரர், "அந்தப் பொண்ணு அப்பாவக் காணோம்னு அழுதுச்சு, அரை மணி நேரம் நின்னு பாத்துட்டுக் கோயிலச் சுத்திப் பாக்குறேன்னு போச்சே," என்றார். கஸ்தூரி அழுதாள் என்பதே சென்னய்யாவுக்கு நம்ப முடியாத சேதியாக இருந்தது. சத்திரத்துக்கு ஓடினார்கள்; அங்கே இல்லை. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி நாலையும் சுற்றினார்கள். இல்லை. மறுபடி சுற்றினார்கள். மூன்றாவது தடவை சுற்றும்போது சென்னய்யாவுக்குக் கண் இருட்டியது. கத்தரிப்பூ நிறம் கண்ணில் பட்டாலும் இப்போது அவர் முகத்தைத்தான் பார்த்தார். எத்தனை முகங்கள் இருக்கின்றன உலகத்தில் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அவள் முகம் இல்லாத ஒவ்வொரு முகமும் அவரை அடித்தது.

கிழக்குக் கோபுரத்தடியில் செருப்புக் காக்கிற கிழவர், "கத்தரிப்பூத் தாவணியா? செத்த முன்னாடிதான் மூணாவது தரம் சுத்திப் போச்சு," என்றார்.

சந்தனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்களும் வலமாச் சுத்துறீக, அதுவும் வலமாச் சுத்துது. இப்படியே சுத்துனா ஆடி பொறந்தாலும் சந்திக்க மாட்டீக. எடமாத் திரும்பிப் போங்க. நான் இங்கனயே நிக்கேன்."

சென்னய்யா தயங்கினார். கோயிலை இடமாகச் சுற்றுவது அவர் பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். மீனாட்சிக்கும் பயம்தான். "மன்னிச்சிரு தாயே," என்று சொல்லிக்கொண்டே, எதிரே வந்த கூட்டத்தையெல்லாம் முட்டிக்கொண்டு வடக்கு வீதிக்குள் திரும்பினார். பாதி வீதி போயிருப்பார். எதிரே கஸ்தூரி வந்தாள்.

அப்பாவைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. அங்கேயே நின்றுவிட்டாள். தாவணி தோளில் கிழிந்திருந்தது. இடது கையில் வளையல்கள் இல்லை. மணிக்கட்டில் கீறல் மட்டும் இருந்தது. சென்னய்யா போய்க் கையைப் பிடித்ததும் அவர் தோளில் முகத்தை வைத்து நடுங்கினாள்.

"'ஒங்கப்பாவ நான் பாத்தேன், வா'ன்னு ஒருத்தன் கூப்புட்டான்ப்பா. நம்பிப் போனேன். சந்துக்குள்ள போனதும் கையப் புடிச்சு இழுத்தான். நான் கடிச்சிட்டு ஓடியாந்துட்டேன்."

சென்னய்யா கிழிந்த தாவணியை இழுத்து அவள் தோளை மூடினார். அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். கிழக்குக் கோபுரத்துக்கு வந்து சேர்ந்தபோது சந்தனம்மாள் இருவரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, அவர் கும்பிடுவதற்குள், கடைக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

கஸ்தூரி கோபுரத்தடிப் படியில் உட்கார்ந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அப்பா, ஊருக்குப் போயிருவோம். நான் டிரெய்னிங்குக்குப் போகல. நம்ம வீட்டுலயே இருக்கேன்."

காலையில் அவர் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. அவள் வாயாலேயே. சந்தோஷம் வர வேண்டும். சென்னய்யா அவள் முகத்தைப் பார்த்தார். கண் ஓர் இடத்தில் நிற்காமல் அலைந்தது. யாராவது பக்கத்தில் நடந்து போனால் தோள் ஒடுங்கியது. முதுகைத் தூணோடு ஒட்டி வைத்திருந்தாள். இந்த முகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம். ஐயோ, நம் பயத்தை இவளுக்குக் கொடுத்துவிட்டோமே என்று நினைத்தார். தொலைத்தபோது வந்த பயத்தைவிட இது பெரிய பயமாக இருந்தது. தொலைந்தவளைத் தேடலாம். இவளை எங்கே போய்த் தேடுவது?

"பஸ்ஸு இல்ல," என்றார். "கடேசி பஸ்ஸு போயிருச்சு. நாளைக்குத்தான்."

அப்போது மணி நாலரை. அருப்புக்கோட்டைக்கு ராத்திரி ஒன்பது மணிவரை பஸ் உண்டு என்பது கஸ்தூரிக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாத பஸ்ஸா? ஆனாலும் அன்றைக்குப் பயத்தில் அதையும் மறந்து அவள் நம்பினாள். "சரிப்பா," என்றாள். அந்தச் சரி சென்னய்யாவை அறுத்துவிட்டது.

சத்திரத்தில் புளிச்சோற்றை அவிழ்த்தார்கள். அவள் இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். குழாயடிக்குப் போவதற்குக்கூட, "கூட வாங்கப்பா" என்றாள். சென்னய்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டால் பத்திரம். தார் சுற்றுவாள், கல்யாணம் ஆகும், ஒன்றும் நடக்காது. தனக்கும் நாற்பத்தைந்து வருஷமாக ஒன்றும் நடக்கவில்லை என்று அவருக்குப் பட்டது. ஒன்றுமே நடக்கவில்லை. அந்த நினைப்பில் அவருக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் மகளைக் கிழக்குக் கோபுரத்துக்குக் கூட்டி வந்தார். அமாவாசை ஆனதால் அப்போதே கூட்டம் இருந்தது. பூக்கடைகள் விரித்தாகிவிட்டது.

"கஸ்தூரி, நீ ஒரு தரம் நாலு வீதியும் சுத்திட்டு வா. நான் இங்கனயே நிக்கேன். பின்னால வரமாட்டேன். இந்த எடத்த விட்டு அசையமாட்டேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நான் போகலப்பா. பயமா இருக்கு."

பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பயப்படாதே என்று சொல்ல வாயெடுத்தார். யார் யாருக்குச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

"எனக்கும்தான் பயமா இருக்கு," என்றார். "அப்பன்னா நீ இங்கன நில்லு. நான் மொதல்ல போயிட்டு வாரேன்."

"நீங்களா? தனியாவா?"

"தனியாத்தான்."

போனார். தெற்குச் சித்திரை வீதியில் திரும்பி அவள் கண்ணிலிருந்து மறைந்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், ஓடிவந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஒரு மாடு குறுக்கே வந்தது. ஒரு பிச்சைக்காரர் வேட்டியைத் தொட்டார். இரண்டு போலீஸ்காரர்கள் பேசிக்கொண்டே எதிரில் வந்தார்கள். சென்னய்யா ஒளிய ஒரு கதவு இல்லை. தலையைக் குனிந்து கடந்து போனார். ஒன்றும் கேட்கவில்லை அவர்கள். மேற்கு வீதியில் கடைகளை எண்ணிக்கொண்டே நடந்தார். வடக்கு வீதியில், நேற்று அவள் நின்ற இடத்தில், ஒரு நிமிஷம் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். கிழக்குக் கோபுரத்துக்குத் திரும்பி வந்தபோது சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

கஸ்தூரி அவருடைய முகத்தை, நனைந்த சட்டையை எல்லாம் பார்த்தாள். பிறகு தாவணியின் கிழிந்த பக்கத்தை உள்ளே மடித்துச் செருகிக்கொண்டாள்.

"அசையக் கூடாது," என்றாள்.

"அசையமாட்டேன்."

நடந்தாள். பத்தடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். மூலை திரும்புகிற இடத்தில் நின்றாள். திரும்பி ஓடிவந்துவிடுவாள் என்று நினைத்தார். வந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார், அந்த மனசை மறைப்பானேன். அவள் திரும்பிப் பார்க்காமல் மூலைக்குள் போய்விட்டாள்.

சென்னய்யா நின்றார். கால் தன்னால் ஓரடி முன்னே போயிற்று, இழுத்து வைத்தார். இந்நேரம் தெற்கு வீதி முடிந்திருக்கும். இந்நேரம் மேற்குக் கோபுரம். யாராவது கையைப் பிடித்திருந்தால்? ஒரு சத்தம் கேட்டது, யாரோ யாரையோ கூப்பிட்டது. உடம்பெல்லாம் காதாக நின்றார். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைத்தால் அந்த நேரத்தில் தவறவிடுவோமோ என்று துடைக்கவும் இல்லை. வர வேண்டிய நேரம் ஆயிற்று, வரவில்லை. மேலும் நேரம் ஆயிற்று. மீனாட்சியிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேற்றுக் கேட்டதற்கு அவள் கொடுத்தது போதும்.

வடக்கு மூலையில் முகம் தெரிந்தது. தாவணியை அவர் பார்க்கவே இல்லை, முகத்தைத்தான் பார்த்தார். வெளிறித்தான் இருந்தது. ஆனால் கண் அலையவில்லை. வேகமாக நடந்து வந்தாள், பக்கத்தில் வந்தாள், கையை நீட்டினார். அவள் நிற்கவில்லை. அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே சொன்னாள்.

"இன்னொரு சுத்துப் போயிட்டு வாரேம்ப்பா."

"போயிட்டு வா தாயி," என்றார் சென்னய்யா. அவள் மூலை திரும்பி மறைகிறவரை நின்றார். பிறகு கோபுரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.